லீஸ் முடியும் முன் வீட்டை உடைத்துத் திருத்தப் போகிறாராம் வீட்டுக்காரர்: ஸ்காபரோவில் பேஸ்மென்ற்றில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குப் பதில்

கேள்வி இதுதான். ரொறன்ரோவின் ஒரு பகுதியான ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற், அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளம். கணவன், மனைவி, இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகள். 2017இலிருந்து அங்கேதான் இருக்கிறார்கள். வாடகை இப்போது 1,150 டொலர். கடைசியாக எழுதிய லீஸ் ஓகஸ்ட் 31 வரை இருக்கிறது. பெப்ரவரி நடுவில் வீட்டுக்காரரிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்திருக்கிறது: "தம்பி, பேஸ்மென்ற்றை முழுக்க உடைச்சுச் செய்யப் போறன். ஏப்ரல் முடியிறதுக்குள்ள ஒரு இடம் பாருங்கோ." வீட்டுக்காரர் இவர்களுடைய ஊர்க்காரர். கனடாவுக்கு வந்த புதிதில் வீடு தந்து உதவியவர். "அவரோடு முரண்படவும் மனமில்லை, இரண்டு மாதத்தில் எங்கே போவதென்றும் தெரியவில்லை. எங்களுக்கு ஏதாவது உரிமை இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள்.

இருக்கிறது, நீங்கள் நினைப்பதை விட நிறையவே. ஏப்ரலில் நீங்கள் வீட்டை விட்டு எழும்ப வேண்டியதில்லை. இந்தக் குரல்பதிவைச் சட்டம் ஓர் அறிவித்தலாகக் கணக்கில் எடுக்காது. எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள், வாடகையை ஒரு மாதமும் தவறவிடாதீர்கள். மிச்சத்தை ஆறுதலாக விளக்குகிறேன்.

நான் சட்டத்தரணி அல்ல. எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்க்கவும் படிவம் நிரப்பவும் பல வருடமாகக் கூடப் போய் வருகிறேன். அதில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

ஒன்ராறியோவில் வாடகை வீடுகளுக்கு 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம் இருக்கிறது. திருத்த வேலைக்காக ஒருவரை எழுப்புவதானால் வீட்டுக்காரர் என்13 என்ற படிவத்தில் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாயால் சொல்வது, வட்ஸ்அப்பில் அனுப்புவது, கொப்பித் தாளில் எழுதித் தருவது எதுவும் செல்லாது. அந்தப் படிவத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு: வேலை மாநகரசபையின் கட்டட அனுமதி தேவைப்படும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், அதோடு, ஆட்கள் உள்ளே இருக்கும்போது செய்ய முடியாததாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும், ஒன்று மட்டும் போதாது. குசினி அலமாரியை மாற்றுவது, தரைக்கு லாமினேற் போடுவது, பெயின்ற் அடிப்பது போன்றவற்றுக்குக் கட்டட அனுமதியே தேவையில்லை. அப்படியான வேலைக்கு உங்களை எழுப்ப முடியாது.

இனித் தேதிக் கணக்கு. என்13 கொடுத்தால் குறைந்தது 120 நாள் அவகாசம் தர வேண்டும். இன்றைக்கே சரியான படிவத்தைத் தந்தாலும் ஜூன் நடுப்பகுதி வந்துவிடும். கணக்கு அதோடும் முடியாது. நீங்கள் லீஸுக்குள் இருப்பதால், படிவத்தில் போடும் கடைசித் தேதி லீஸ் முடியும் நாளாக இருக்க வேண்டும். அதாவது ஓகஸ்ட் 31. அதற்கு முந்திய எந்தத் தேதியைப் போட்டாலும் அந்த என்13 பிழையானது. மாதா மாதம் வாடகை கட்டி லீஸ் இல்லாமல் இருப்பவர்களுக்கு, 120 நாளுக்குப் பிறகு வரும் வாடகை மாதத்தின் கடைசி நாள்தான் கணக்கு.

ஓகஸ்ட் 31 வந்ததும் லீஸ் முடிந்தது, நாங்கள் போக வேண்டியதுதான் என்றும் நினைக்காதீர்கள். லீஸ் முடிந்தால் அது தானாகவே மாத வாடகையாகத் தொடரும். புது லீஸில் கையெழுத்து வைத்தால்தான் இருக்கலாம் என்று யாராவது சொன்னால் அது பொய். "வீட்டுக்காரர் திருத்த வேலை செய்ய விரும்பினால் இரண்டு மாதத்தில் எழும்ப வேண்டும்" என்று லீஸிலேயே ஒரு வரி இருந்தாலும் அது செல்லாது. சட்டத்துக்கு மாறாக லீஸில் எழுதினால் சட்டம்தான் நிற்கும்.

அடுத்ததைப் பலரும் அறியாமல் இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் கவலை தருகிறது. என்13 படிவத்தில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதியில் நீங்கள் பெட்டி கட்ட வேண்டியதில்லை. உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் வீட்டுக்காரர் எல்.ரி.பி என்று சொல்லப்படும் வாடகை வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே விசாரணை நடக்கும். உண்மையிலேயே இந்த வேலையைச் செய்யும் எண்ணம் இருக்கிறதா, கட்டட அனுமதி எடுத்தாரா, அல்லது எடுப்பதற்கான எல்லா நடவடிக்கையும் எடுத்தாரா, ஆட்கள் வெளியேறாமல் செய்ய முடியாதா என்று வாரியம் பார்க்கும். எல்லாம் சரியாக இருந்தாலும் குழந்தையின் பள்ளிக்கூடம், நோய், பனிக்காலம் போன்ற காரணங்களைப் பார்த்து வெளியேற்றத்தைத் தள்ளிப்போடவும் மறுக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. உத்தரவு வந்த பிறகும் உங்களை வெளியேற்ற முடிந்தவர் ஷெரிஃப் மட்டும்தான். வீட்டுக்காரர் பூட்டை மாற்றினால், சாமானை வெளியே வைத்தால், அது குற்றம்.

பேஸ்மென்ற்காரர்களிடம் வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. "இது லீகல் பேஸ்மென்ற் இல்லை, நீங்கள் வாரியத்துக்குப் போனால் சிற்றிக்காரன் வந்து மூடிவிடுவான், உங்களுக்கு உரிமையே இல்லை" என்பார்கள். பேஸ்மென்ற் அனுமதி இல்லாமல் கட்டப்பட்டிருந்தாலும் வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். எழுத்தில் லீஸ் இல்லாமல், காசாக வாடகை கட்டி வந்தாலும் பொருந்தும். காசாகக் கட்டுபவர்கள் இன்றைக்கே ரசீது கேளுங்கள். கேட்டால் தர வேண்டியது அவர் கடமை. இன்னும் நல்லது, அடுத்த மாதத்திலிருந்து இ-ற்ரான்ஸ்ஃபர் செய்யுங்கள்.

ஆனால் ஓர் இடத்தில் இந்தச் சட்டம் கைவிட்டுவிடும். வீட்டுக்காரரோ, அவருடைய மனைவி, கணவன், பிள்ளை, பெற்றோரில் ஒருவரோ அதே வீட்டில் இருந்து, அவர்களோடு நீங்கள் குசினியையோ குளியலறையையோ பகிர வேண்டியவராக இருந்தால், வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. மேல் வீட்டில் ஓர் அறை எடுத்து வீட்டுக்காரரின் குசினியிலேயே சமைக்கும் மாணவர்களின் நிலைமை அதுதான். உங்களுக்கு பேஸ்மென்ற்றில் தனிக் குசினியும் தனி பாத்ரூமும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உடுப்புத் துவைக்கும் இயந்திரத்தைப் பகிர்வது இதில் சேராது. ஆகவே நீங்கள் சட்டத்துக்குள் இருக்கிறீர்கள்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிற விடயம். திருத்த வேலை முடிந்ததும் அதே வீட்டுக்குத் திரும்பி வரும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வேலைக்காக எழும்பினால், வீட்டை விட்டுப் போவதற்கு முன்பே "வேலை முடிந்ததும் நாங்கள் திரும்பி வர விரும்புகிறோம்" என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். போன பிறகு கொடுத்தால் பலனில்லை. பிறகு, நீங்கள் எங்கே மாறினாலும் புது விலாசத்தை எழுத்தில் அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு தடவை வீடு மாறி, இரண்டாவது விலாசத்தைக் கொடுக்க மறந்ததால் இந்த உரிமையை இழந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் பழைய விலாசத்துக்குக் கடிதம் போட்டார், பதில் வரவில்லை என்றார், புது ஆட்களை வைத்தார்.

திரும்பி வரும்போது வாடகை எவ்வளவு? நீங்கள் இடையில் போகாமலே இருந்திருந்தால் சட்டப்படி எவ்வளவு கேட்டிருக்க முடியுமோ அவ்வளவுதான். ஒன்ராறியோவில் வருடாந்த வாடகை உயர்வுக்கு ஒரு வரம்பு இருக்கிறது: 2025இல் 2.5 சதவீதம், 2026இல் 2.1 சதவீதம். உங்கள் 1,150 டொலருக்கு 2.1 சதவீதம் என்றால் மாதம் 24 டொலரளவில் கூடும். புது ஓடு, புது அலமாரி போட்டதற்காக அதை 1,900 ஆக்க முடியாது. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியிருப்புக்கு வந்த சில வீடுகளுக்கு இந்த வரம்பு இல்லை. நீங்கள் 2017இலேயே வந்துவிட்டீர்கள், ஆகவே உங்களுக்கு இருக்கிறது.

பிரச்சினையின் அடிவேரும் இங்கேதான். ஒருவர் போய் இன்னொருவர் வரும்போது வீட்டுக்காரர் எந்த வாடகையும் கேட்கலாம். உள்ளே இருப்பவருக்குத்தான் வரம்பு. உங்கள் பேஸ்மென்ற்றைப் புது ஆட்களுக்கு 1,850க்கு விட முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 700, வருடம் 8,400 டொலர் வித்தியாசம். பழைய குடித்தனக்காரர் போனால்தான் அந்தக் காசு வரும். இதனால்தான் உண்மையில் சின்ன வேலைக்குக்கூடப் 'பெரிய ரினோவேஷன்' என்று பெயர் வருகிறது. எல்லா வீட்டுக்காரர்களும் அப்படி என்று நான் சொல்லவில்லை. 2024 ஜூலை 16இல் கொட்டிய மழையில் எத்தனையோ பேஸ்மென்ற்களுக்குள் தண்ணீர் வந்தது. அத்திவாரம் கசிந்து, சுவருக்குள் பூஞ்சணம் பிடித்து, உண்மையாகவே உடைத்துச் செய்ய வேண்டிய வீடுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட வேலை நடப்பது உங்கள் மகளின் நெஞ்சுக்கும் நல்லதுதான். எது உண்மை என்று பார்க்க வழி இருக்கிறது: ரொறன்ரோ மாநகரசபையின் இணையத்தளத்தில் வீட்டு விலாசத்தைக் கொடுத்தால் அதற்குக் கட்டட அனுமதி விண்ணப்பித்திருக்கிறார்களா என்று பார்க்கலாம். முதல் வேலையாக இன்றிரவே அதைப் பாருங்கள்.

இழப்பீடும் உண்டு. ஐந்து வீடுகளுக்குக் குறைவான கட்டடத்தில், அதாவது உங்கள் வீடு போன்றதில், ஒரு மாத வாடகை. திரும்பி வருவதாக எழுதிக் கொடுத்து வேலை ஒரு மாதத்துக்குள் முடிந்தால் அந்தக் காலத்துக்கான வாடகை மட்டும். ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடத்தில் மூன்று மாத வாடகை வரை. இந்தக் காசை என்13இல் போட்ட தேதிக்குள் அவர் தந்துவிட வேண்டும்.

ரொறன்ரோவில் இருப்பது உங்களுக்கு இன்னொரு பலம். 2025 ஜூலை 31இலிருந்து, என்13 கொடுத்து ஆட்களை எழுப்பித் திருத்த வேலை செய்ய விரும்புபவர் மாநகரசபையிடம் தனியாக ஓர் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். என்13 கொடுத்து ஏழு நாளுக்குள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆட்கள் வெளியேறாமல் இந்த வேலை செய்ய முடியாது என்று தகுதியுள்ள பொறியியலாளர் அல்லது கட்டடக் கலைஞரின் அறிக்கை வேண்டும். திரும்பி வருபவர்களுக்கு இடைக்காலத்தில் ஒத்த வீடு அல்லது வாடகை வித்தியாசத் தொகை, வீடு மாறும் செலவுக்கு ஒரு தொகை என்று திட்டமும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஹமில்ரன் நகரம் இதே மாதிரியான விதியை 2025 ஜனவரி 1இலேயே கொண்டுவந்துவிட்டது. ரொறன்ரோவில் உங்கள் வீட்டுக்காரர் இதைச் செய்தாரா என்று மாநகரசபையின் தொலைபேசி எண்ணான 311க்கு அழைத்துக் கேளுங்கள்.

இனிக் கையெழுத்து. சென்ற வருடம் ஒரு அம்மா என்னிடம் வந்தார். கணவர் இல்லை, மகன் இரவு வேலைக்குப் போகிறவன். வீட்டுக்காரர் பின்னேரம் வந்திருக்கிறார், கையில் ஒரு பெட்டி லட்டு. மேசையில் இருந்து தேத்தண்ணீர் குடித்து, ஊர்க்கோயில் திருவிழா பற்றிக் கதைத்து, எழும்பும்போது சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, "அக்கா, சிற்றிக்குக் காட்டத்தான், சும்மா ஒரு கையெழுத்து" என்றிருக்கிறார். அம்மா கண்ணாடி போடாமலே கையெழுத்து வைத்துவிட்டார். அது என்11 படிவம். இரண்டு பக்கமும் சம்மதித்து வாடகையை முடித்துக்கொள்ளும் ஒப்பந்தம்.

என்11இல் கையெழுத்து வைத்தால் 120 நாள் இல்லை, திரும்பி வரும் உரிமை இல்லை, நீங்கள் கேட்டு எழுதி வாங்காத இழப்பீடும் இல்லை. நாளைக்கு மனம் மாறிவிட்டது என்று திருப்பி எடுக்கும் அவகாசமும் சட்டத்தில் இல்லை. வீட்டுக்காரர் அதை வாரியத்துக்குக் கொடுத்து, விசாரணையே இல்லாமல் வெளியேற்ற உத்தரவு எடுக்க முடியும். உத்தரவு வந்தால் அதை நீக்கக் கேட்பதற்குப் பத்து நாள்தான் இருக்கிறது. அந்த அம்மாவுக்காக அந்தப் பத்து நாளுக்குள் விண்ணப்பித்தோம், தாளை விளங்காமல் கையெழுத்து வைத்ததைச் சொன்னோம், வாரியம் கேட்டது. எல்லோருக்கும் அப்படி அமையாது. மேசைக்கு வரும் எந்தத் தாளையும் "மகன் வந்ததும் பார்த்துத் தாறன்" என்று வாங்கி வையுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

உங்களுக்கே போக விருப்பம் என்றால் அது வேறு கதை. அப்போது பேரம் பேசலாம். ஒரு மாத வாடகை தருகிறேன் என்றால் அது சட்டம் எப்படியும் தரும் காசு, பரிசு அல்ல. நீங்கள் போவதால் அவருக்கு வருடத்துக்கு எவ்வளவு கிடைக்கும், புது வீட்டில் உங்களுக்கு வருடத்துக்கு எவ்வளவு கூடப் போகும் என்று கணக்குப் பார்த்துவிட்டுத் தொகையைச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டதை எழுதி, காசு கையில் வரும் நாளையும் எழுதிய பிறகே கையெழுத்து.

வீட்டுக்காரர் உங்களை எழுப்பாமல், நீங்கள் உள்ளே இருக்கும்போதே வேலை தொடங்கினால்? அவர் திருத்தலாம், அது அவர் கடமையும்கூட. உள்ளே வர 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவித்து, காரணம் சொல்லி, காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் வர வேண்டும். தண்ணீர், சுடுதண்ணீர், மின்சாரம், ஹீற்றிங் இவற்றை வேண்டுமென்று நிறுத்தக் கூடாது. செப்ரெம்பர் 1இலிருந்து ஜூன் 15 வரை வீடு குறைந்தது 20 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும் என்பது மாகாண விதி. தூசியும் இரைச்சலும் அளவுக்கு மிஞ்சினால், குசினி கிழமைக்கணக்கில் பாவிக்க முடியாமல் போனால், வாடகைக் குறைப்புக் கேட்டு ஒரு வருடத்துக்குள் வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம். தேவையான வேலையை முன்கூட்டி அறிவித்து, தொல்லையைக் குறைத்துச் செய்திருந்தால் குறைப்புக் கிடைக்காமலும் போகலாம், அதையும் தெரிந்து வையுங்கள். ஸ்காபரோவில் 1950களிலும் 60களிலும் கட்டிய பழைய பங்களாக்கள் நிறைய. அவற்றின் தரை ஓட்டிலும் குழாய்ச் சுற்றிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். உடைக்கும் முன் சோதித்தீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

என்ன நடந்தாலும், கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். வாடகை கட்டாவிட்டால் அதையே காரணமாக வைத்து எழுப்ப முடியும், அப்போது உங்கள் பக்கத்து நியாயம் எல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

என்13 சரிவராது என்று தெரிந்ததும் "மகனுக்கு பேஸ்மென்ற் வேணும்" என்று, சொந்தக் குடும்பத்துக்கு வீடு தேவை என்று அறிவிக்கும் என்12 படிவம் வருவதும் வழக்கம். அதுவும் லீஸுக்குள் உங்களை எழுப்பாது; அங்கேயும் வாரியத்தில் உண்மையான எண்ணத்தைக் காட்ட வேண்டும். முதலில் ரினோவேஷன் என்று சொன்ன அந்தக் குரல்பதிவு அப்போது உங்களுக்குப் பெரிய சாட்சி. அழிக்காமல் வேறிடத்திலும் ஒரு பிரதி வையுங்கள்.

வேலை என்று எழுப்பிவிட்டு வேலையே செய்யாமல் கூடிய வாடகைக்கு விட்டதாகத் தெரிந்தால், போன ஒரு வருடத்துக்குள் வாரியத்தில் முறையிடலாம். வீடு மாறிய செலவு, ஒரு வருட வாடகை வித்தியாசம், அதற்கு மேல் 12 மாத வாடகை வரை இழப்பீடு என்று உத்தரவிட முடியும். திரும்பி வரும் உரிமையை எழுதிக் கொடுத்தும் விடாமல் இருந்தால் முறையிட இரண்டு வருடம் இருக்கிறது.

ஊர்க்காரர் என்ற பிரச்சினைக்கு வருகிறேன். அந்தக் கூச்சம் எனக்கு நன்றாக விளங்குகிறது. விமான நிலையத்திலிருந்து வந்த கையோடு வீடு தந்தவரிடம் சட்டம் பேசுவது நன்றி மறந்தது போல இருக்கும். ஆனால் இந்த ஒன்பது வருடமும் ஒரு மாதம் தவறாமல் வாடகை கட்டியிருக்கிறீர்கள், பனி அள்ளியிருக்கிறீர்கள், அவர் ஊருக்குப் போன நாட்களில் வீட்டைப் பார்த்திருக்கிறீர்கள். கடன் ஒன்றும் மிச்சம் இல்லை. சண்டை பிடிக்கத் தேவையில்லை, வக்கீல் கடிதமும் தேவையில்லை. மரியாதையாக, எழுத்தில், இப்படி அனுப்புங்கள்:

"அண்ணை, நீங்கள் வேலை செய்ய விரும்புவது விளங்குகிறது. எங்களுக்கு ஓகஸ்ட் 31 வரை லீஸ் இருக்கிறது. வேலைக்கு நாங்கள் எழும்பத்தான் வேண்டும் என்றால் என்13 படிவமும், கட்டட அனுமதியின் பிரதியும், மாநகரசபை அனுமதிப்பத்திரமும் தாருங்கள். வேலை முடிந்ததும் நாங்கள் இதே வீட்டுக்குத் திரும்பி வர விரும்புகிறோம். உள்ளே இருக்கும்போதே செய்யக்கூடிய வேலை என்றால் நாங்கள் ஒத்துழைக்கிறோம்."

இதை மின்னஞ்சலாகவும் அனுப்பி, அச்சிட்டு ஒரு பிரதியைக் கையிலும் கொடுத்து, கொடுத்த நாளைக் குறித்து வையுங்கள். பிறகு ஒவ்வோர் அறையையும், முக்கியமாகக் குசினி, பாத்ரூம், கசிவு இருக்கும் சுவர் ஆகியவற்றை, தேதி தெரியப் படமெடுத்து வையுங்கள். என்13 வந்தால் அதே கிழமை உங்கள் பகுதிச் சமூகச் சட்ட உதவி நிலையத்துக்குப் போங்கள். ஸ்காபரோவில் இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களிடம் காசு வாங்க மாட்டார்கள். தமிழ் பேசுபவர் வேண்டும் என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். லீஸ், வாடகை கட்டிய சான்றுகள், குரல்பதிவு இருக்கும் போன், மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.